சம்பந்தி வீட்டுப் பந்தியும் அசையாத தட்டும்

எந்த ஏற்பாடும் செய்துகொள்ளாமல் விசேஷத்துக்குப் போகிறவன் அங்கே கொஞ்சம் அசடு வழிவான், அதோடு சரி. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து, அளவெடுத்து, ஒத்திகையும் பார்த்துவிட்டுப் போகிறவனால்தான் ஒரு பந்தியையே கவிழ்க்க முடியும். நான் இரண்டாவது ரகம்.

நகரியில் ஒரு ஜவுளி வியாபாரியிடம் எனக்கு வேலை. விசைத்தறிகளிலிருந்து வரும் துணியைப் பிரித்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்து, அளந்து, மடித்து அடுக்க வேண்டும். பல வருடங்களாக இதையே செய்ததில், வீட்டிலும் ஒழுங்காக மடிக்கப்படாத எதையும் என்னால் சகிக்க முடிவதில்லை. (என் மனைவி மல்லிகா இதை வேறு வார்த்தைகளில் சொல்வாள்.)

அப்படிப்பட்டவனின் கைகள் ஒரு நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வடமாலபேட்டை தாண்டி வரும்போது ஓர் எருமை சாலையின் குறுக்கே வந்தது. வண்டியைத் திருப்பினேன். எருமை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கழுத்தில் நரம்பு அமுங்கிவிட்டது. திருப்பதியில் ஆபரேஷன் செய்தார்கள். கால்கள் பழையபடி நடந்தன. தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது. விரல்கள் மட்டும் எதையும் பிடிக்க மறுத்துவிட்டன. வாழைப்பழத்தை உள்ளங்கையில் வைத்தால், அது அங்கே சிறிது நேரம் படுத்திருந்துவிட்டு உருண்டு கீழே போகும்.

ஆஸ்பத்திரியில் கைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் பத்மஜா மேடம். தெலுங்குக்காரர், எனக்காகத் தமிழில் பேசுவார். முதலில் ஒரு பட்டையை எடுத்து என் உள்ளங்கையைச் சுற்றிக் கட்டினார். வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும் பட்டை. உள்ளங்கைப் பக்கம் ஒரு சின்னப் பை தைத்திருக்கும். அதில் ஸ்பூனின் காம்பைச் செருகினால் சோறு சாப்பிடலாம்; ஸ்பூனை உருவிவிட்டு பிரஷ்ஷைச் செருகினால் பல் தேய்க்கலாம். விரல்கள் பிடிக்கவே வேண்டாம். பிறகு, வாய்ப்பக்கம் வளைத்த ஒரு ஸ்பூன். கடைசியாக ஒரு தட்டு. ஒரு பக்கம் சுவர் எழுப்பியதுபோல விளிம்பு உயர்ந்திருக்கும். சோற்றை அந்தச் சுவரில் தள்ளினால் தானாக ஸ்பூனில் ஏறிக்கொள்ளும். தட்டின் அடியில் ஒரு ரப்பர் கிண்ணி. மேசையில் வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும், நகராது.

"விரல் வர்ற வரைக்கும் இதுதான் உங்க கை சார். நிதானங்கா பழகுங்க" என்றார்.

நிதானமாகப் பழகுவது என் சுபாவம் இல்லை. ஸ்பூனுக்கு ஓர் உறை, பிரஷ்ஷுக்கு ஓர் உறை, பட்டைக்கு ஓர் உறை என்று மல்லிகாவைத் தைக்கச் சொன்னேன். தட்டுக்கு உறை தைக்கச் சொன்னபோது அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். பற்பசைக்கும் ஒரு முறை கண்டுபிடித்தேன். மூடியைப் பல்லால் திறந்து, ட்யூபை வாஷ்பேசின் விளிம்பில் கிடத்தி, முழங்கையால் அழுத்த வேண்டும். முதல் வாரம் பசை கண்ணாடிக்குப் போனது. இரண்டாவது வாரம் சட்டைக்கு வந்தது. அதற்கப்புறம் பெரும்பாலும் பிரஷ்ஷிலேயே இறங்கியது.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் செல்வி, கல்யாணத் தேதிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவள் திருப்பதியில் பள்ளிக்கூட ஆசிரியை. சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருக்கும் முனிரத்தினத்தின் மகன் பிரபுவுக்கும் அவளுக்கும் எல்லாம் பேசி முடித்தாயிற்று. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. தேதி குறிப்பது மட்டும்தான் பாக்கி. அதற்குள் எருமை வந்துவிட்டது.

அவள் மறுத்ததற்குக் காரணம் உண்டு. ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த புதிதில், மல்லிகா ஒரு சாவுக்காகப் புத்தூர் போக வேண்டியிருந்தது. சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் போனாள். மூடியை என்னால் திறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கூப்பிடவில்லை. செல்வி போன் செய்து, "சாப்டியா நைனா?" என்று கேட்டாள். "ஆச்சு, திருப்தியா" என்றேன். சாயங்காலம் வந்த மல்லிகா மூடியைத் திறந்து பார்த்தாள். பார்த்ததை அப்படியே மகளுக்குச் சொல்லிவிட்டாள்.

"அம்மா ஒரு நாள் வெளிய போனா நீ பட்டினி கெடப்ப. நான் சித்தூர்ல போய் உக்காந்துக்கினு இன்னா பண்றது?" என்றாள் செல்வி.

"அது அப்போ. இப்போதான் பட்டை இருக்குதே, தட்டு இருக்குதே."

"சரி. வெளிய, நாலு பேர் மத்தில, ஒரு வேள சாப்பாடு நீயே துன்னு காட்டு. அப்புறம் தேதி பத்திப் பேசு."

"காட்றேன்" என்றேன்.

வாய்ப்பு தானாக வந்தது. முனிரத்தினத்தின் மூத்த மகன் வழிப் பேத்திக்குச் சித்தூரில் காதுகுத்து. "குடும்பத்தோட முந்தின நாளே வந்துடுங்க சம்பந்தி. அப்படியே தேதியும் பேசிடலாம்" என்று போனில் சொன்னார். நான் அன்றே ஒத்திகையைத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை குப்பம் ஊரிலிருந்து வந்த கருங்கல் பலகை போட்டது; கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதில் தட்டை வைத்து அழுத்தி, மல்லிகாவை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் காலை ஊன்றி இழுத்தாள். வரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விசேஷ வீட்டில் வாழை இலை இல்லாமல் பரிமாற மாட்டார்கள். ஆகவே தட்டின் உள்ளே பொருந்துமாறு மல்லிகாவை இலையை வட்டமாக வெட்டச் சொன்னேன். மண்டபத்து மேசைமேல் பிளாஸ்டிக் தாள் விரித்திருப்பார்கள். அதன்மேல் ரப்பர் கவ்வாது. ஆகவே அளவுக்காகச் செய்தித்தாளில் அவளை ஒரு வட்டம் வெட்டச் சொல்லி, அங்கே போய் அதே அளவுக்குப் பிளாஸ்டிக்கிலும் ஓட்டை போட்டுவிட்டால் ரப்பர் நேரடியாக மேசையைக் கவ்வும் என்று முடிவு செய்தேன். கத்தரிக்கோலையும் பைக்குள் வைக்கச் சொன்னேன். சோறும் சாம்பாரும் வைத்து ஒத்திகை பார்த்தேன். ஒரு பருக்கை சிந்தவில்லை.

"எல்லாம் ரெடி" என்றேன்.

"இன்னாங்க, காதுகுத்துக்குத்தான போறோம்" என்றாள் மல்லிகா.

முதல் சறுக்கல் சித்தூர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே, சம்பந்தி வீட்டுக் கொல்லைப்புறக் குழாயடியில் நடந்தது. யாரும் எழுவதற்கு முன் பல் தேய்த்துவிட வேண்டும் என்பது திட்டம். வெல்ல வியாபாரிகள் எப்போது எழுவார்கள் என்பதை நான் விசாரித்து வைக்கவில்லை. வலது கையில் பட்டை, பட்டையில் பிரஷ், வாய் நிறைய நுரை. அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் காபி டம்ளரோடு வந்து, "வணக்கம் சம்பந்தி, தூக்கம் வந்துச்சா?" என்றார்.

சம்பந்தி கும்பிட்டால் திருப்பிக் கும்பிட வேண்டும். யோசிக்காமல் இரண்டு கைகளையும் குவித்தேன். குவித்த கைகளிலிருந்து பிரஷ் ஒரு சின்னக் கொடிமரம் போல நீட்டிக்கொண்டிருந்தது. உறையில் போட்டுப் பாதுகாத்த அந்தப் பிரஷ்ஷிலிருந்து ஒரு துளி நுரை கிளம்பி அவர் காபியில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"பர்வாலேது" என்றார். பரவாயில்லை என்று தெலுங்கில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று நினைத்திருப்பார். அந்தக் காபியைச் செடிக்கு ஊற்றினார்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் தேய்ப்பது செல்வியின் நிபந்தனையில் இல்லை.

மண்டபத்தில் காது குத்தி முடிந்ததும் முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள். ஒல்லியான மடக்கு மேசைகளை வரிசையாகப் போட்டு, மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தார்கள். கடைசி மேசையில், ஓரமாக எனக்கு இடம். இடது பக்கம் முனிரத்தினம். அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய உறவுக்காரர்கள் வரிசையாக. மல்லிகா என் சொல்படி பிளாஸ்டிக்கில் வட்டம் வெட்டினாள். அக்கம்பக்கத்தார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நான் தட்டை வட்டத்தில் வைத்து, முழங்கையால் அழுத்தினேன். ரப்பர் 'சப்'பென்று கவ்வியது. வெட்டின இலையைத் தட்டில் பொருத்தியதும், "கச்சிதமா கீது" என்றார் முனிரத்தினம். மல்லிகா அடுத்த பந்திக்காகப் பெண்கள் பக்கம் போய்விட்டாள். செல்வி தூணருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்து விசேஷங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கான ஆள் வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். நீங்கள் சாப்பிடுவதை ஒவ்வொரு வாயாக மேலிருந்து கவனிப்பார். என் நாற்காலியைப் பிடித்தவர் முனிரத்தினத்தின் தங்கை ராஜம்மா. குப்பம் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்; பசியோடு இருந்தார்.

நான் ஒத்திகை பார்த்தது சோற்றுக்கு. வந்தது களி. கேழ்வரகுக் களி உருண்டையும் நாட்டுக்கோழிக் குழம்பும். களியை விரலால் கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும்; ஸ்பூனுக்கு அங்கே வேலையே இல்லை. எனக்கு வேறு வழியும் இல்லை. ஸ்பூனை உருண்டைக்குள் இறக்கினேன். இறங்கியது. கிளறிப் பார்த்தேன், அசையவில்லை. கையைத் தூக்கினேன். உருண்டை முழுசாகக் கூடவே வந்தது. கதாயுதம் ஏந்தியவன்போல உட்கார்ந்திருந்தேன். முனிரத்தினம் மரியாதையாக மின்விசிறியைப் பார்த்தார்.

"உதறுங்கண்ணா" என்றார் ராஜம்மா பின்னாலிருந்து.

உதறினேன். உருண்டை என்னைவிட உறுதியாக இருந்தது. கடைசியில் அதை வாய்க்குக் கொண்டுபோய் ஓரத்தைக் கடித்தேன். ஒரு கொய்யாப்பழம் கடித்த அளவுக்கு வந்தது. குழம்பில் தோய்க்கக் குனிந்தேன். உருண்டையின் பாரத்தில் ஸ்பூன் திரும்பிக்கொண்டது.

இதற்குள் மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். ஆனால் யாரும் எழவில்லை. சம்பந்தி எழுவதற்கு முன் அந்த வீட்டு ஆட்கள் பந்தியிலிருந்து எழ மாட்டார்கள். அப்படி எழுந்தால் அவமதிப்பு. வரிசை முழுக்க எச்சில் கை காய்ந்தபடி உட்கார்ந்திருந்தது. அத்தனை நாற்காலிகளுக்குப் பின்னாலும் ஆட்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"நிதானமா துன்னுங்க சம்பந்தி, அவசரமில்ல" என்றார் முனிரத்தினம்.

"இன்னாண்ணா, கோர்ட்டு கேசு மாதிரி வாய்தா போட்டுக்கினே போறீங்க?" என்றார் ராஜம்மா. "கொழம்பு ஆறிக்கினு போவுது பாருங்க."

"அஞ்சு நிமிஷம்மா."

"அந்தக் கோழி வளந்ததே இதவிடச் சுருக்கா வளந்திருக்கும்."

அந்தக் கோடியில் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரை போட வேண்டுமென்று எழுந்தார். பரிமாறும் ஆட்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பந்தி முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். எங்கள் மண்டபங்களில் இலை எடுப்பது எளிய வேலை. பிளாஸ்டிக் தாளை ஒரு முனையில் பிடித்து, இலை, எலும்பு, டம்ளர் எல்லாவற்றோடும் பாய் சுருட்டுவதுபோல மறுமுனைவரை சுருட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள். அவர் கெட்டிக்காரர். வேகமாகச் சுருட்டினார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக்கொண்டார்கள். சுருள் பெருத்துக்கொண்டே என்னை நோக்கி வந்தது.

வந்து, என் தட்டருகே நின்றது.

பிளாஸ்டிக்கில் நான் வெட்டச் சொன்ன வட்டம், கழுத்தில் போட்ட சுருக்குபோல ரப்பர் கிண்ணியைச் சுற்றி இறுகிவிட்டது. அவர் இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். அப்போதும் தட்டு வரவில்லை, மேசை வந்தது. அதன் மடக்குக் கால் 'டக்'கென்று மடங்கியது. மேசை எங்கள் பக்கம் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் சுருளை அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டது. சுருண்டிருந்தது எல்லாம் விரிந்தது. மொத்தப் பந்தியின் எச்சிலும், எலும்பும், மிச்சக் குழம்பும், ரசமும் முனிரத்தினத்தின் புது வேட்டியிலும் என் சலவைச் சட்டையிலும் வந்து சேர்ந்தன. என் தட்டிலிருந்த கோழி என் மடியில் இறங்கியது. தட்டு மட்டும் இறங்கவில்லை. பக்கவாட்டில் நின்றுவிட்ட மேசைப் பலகையில், சுவர்க் கடிகாரம்போல ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

சுருட்டியவர்தான் முதலில் பேசினார். "சார், ப்ளேட்டுக்கு ஆணி அடிச்சிட்டாங்களா இன்னா?"

முனிரத்தினம் வேட்டியை உதறிக்கொண்டே எழுந்தார். அந்த நிலைமையிலும் வீட்டுக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "சம்பந்தி, வயிறு நிறைய சாப்டீங்களா?"

"ஆச்சு, திருப்தியா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகு நிமிர்ந்தேன். செல்வி தூணை விட்டு முன்னால் வந்திருந்தாள். சட்டையிலிருந்த குழம்பை அவள் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலை அவள் ஏற்கெனவே ஒரு தடவை போனில் கேட்டிருக்கிறாள்.

எனக்கு உண்மையிலேயே பசித்தது. கொய்யாப்பழ அளவு களி ஒரு ஆளுக்கு எந்த மூலைக்கு? அடுத்த பந்திக்கு எதிர் வரிசையில் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கிருந்து குழம்பு வாசனை வந்தது. கையில் இன்னும் அந்தக் களி உருண்டை, ஓரம் கடிபட்டு, ஸ்பூனோடு நின்றிருந்தது. என்னிடம் இனிமேல் காப்பாற்றுவதற்கு என்ன மரியாதை மிச்சமிருக்கிறது என்று ஒரு தரம் யோசித்தேன். ஒன்றும் தென்படவில்லை. திரும்பி, நாற்காலியை இன்னமும் பிடித்துக்கொண்டிருந்த ராஜம்மாவைப் பார்த்தேன்.

"இல்லம்மா. எனக்குப் பசிக்குது. கொஞ்சம் ஊட்டி விடறீங்களா?"

ராஜம்மா என்னைப் பார்த்தார். சாய்ந்த மேசையைப் பார்த்தார். தன் அண்ணனின் வேட்டியைப் பார்த்தார்.

"இத்தக் கேக்கறதுக்கு ஒரு பந்தியவே கவுக்கணுமாண்ணா?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சர்க்கரை மாத்திரைக்காரராக இருக்கலாம். அப்புறம் மண்டபமே சிரித்தது. ராஜம்மா சிரிக்கவில்லை; அவருக்கு வேலை இருந்தது. என்னை எதிர் வரிசையில் உட்கார வைத்து, பட்டையைப் பிரித்துக் களியோடு ஓரமாக வைத்தார். ஒரே இலையில் இருவருக்கும் களி போடச் சொன்னார். தனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். கிள்ளி, தோய்த்து, நேராக வாய்க்குள்.

"மெல்லாதீங்க, முழுங்குங்க. களிய மென்னா எப்போ முடியறது? அடுத்த பந்தி நிக்குதில்ல."

முழுங்கினேன். விபத்துக்கப்புறம் வயிறார நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. இரண்டாவது உருண்டை போடட்டுமா என்று கேட்டார்கள். "போடுங்க" என்று நானே சொன்னேன்.

செல்வி எங்கள் இலைக்கு எதிரே வந்து நின்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, வேட்டியைக் கழுவப் போய்க்கொண்டிருந்த முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள்.

"மாமா, தேதி பாத்துடுங்க."

"இப்பவாம்மா?" என்றார் அவர், ஈர வேட்டியைப் பிடித்தபடி.

"இப்பவே."

எனக்குப் பொறுக்கவில்லை. நிபந்தனை என்றால் நிபந்தனை. "நான் தனியா துன்னலயே செல்வி" என்றேன், வாயில் களியோடு.

"பேசாத நைனா, பொரை ஏறிக்கும்" என்றாள். ராஜம்மாவிடம் திரும்பி, "அத்த, இன்னொரு துண்டு கோழி வைங்க எங்க நைனாவுக்கு" என்றாள்.

தட்டை அன்று யாராலும் பிரிக்க முடியவில்லை. அடியில் ஒரு சின்ன ரப்பர் நாக்கு இருக்கிறது. அதை விரலால் இழுத்தால் காற்றுப் போய்க் கழன்றுகொள்ளும். அதைச் சொல்ல எனக்கு நினைவு வந்தபோது, வாடகைச் சாமான்காரர் மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார், தட்டோடு. இப்போது அது எந்த ஊர் விசேஷத்தில் யாருக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறதோ. பத்மஜா மேடத்திடம் வேறு தட்டு கேட்கப் போனபோது, பழையது என்னவாயிற்று என்று விசாரித்தார். "நல்லா ஒட்டுது மேடம்" என்று மட்டும் சொன்னேன். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அந்தப் பட்டையில் பேனாவைச் செருகி எழுதிவிடுவேன். அன்றைய பக்கத்தில் 'சித்தூர். காதுகுத்து. வெயில் அதிகம்' என்று இருக்கிறது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியைக் கவிழ்ப்பது பற்றி ராஜம்மா சொன்ன வாக்கியம் இரண்டு குடும்பங்களிலும் தங்கிவிட்டது. உப்பு கேட்கத் தயங்குகிறவனிடமும், கடன் கேட்க வந்து வானிலையைப் பற்றிப் பேசுகிறவனிடமும் அதைத்தான் சொல்கிறார்கள். என் விரல்கள் கொஞ்சம் தேறியிருக்கின்றன; ஸ்பூனைப் பட்டையில்லாமல் சிறிது நேரம் பிடிக்கும். புது ட்யூபின் மூடி மட்டும் இன்னும் வசப்படவில்லை. தீபாவளிக்கு மாப்பிள்ளை பிரபு வந்திருந்தபோது, காலையில் வாஷ்பேசினிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார்: "கவுத்துட்டீங்களா மாமா, இல்ல இனிமேதானா?"